கடைமடைக்கு ரத்தம்: காலில் ரத்தக்குழாய் அடைப்பு முற்றினால் என்ன செய்வார்கள்?

சித்தப்பா மூன்று மாதமாக நாற்காலியில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்த ஒரு மணி நேரத்தில் வலது பாதத்தில் எரிச்சலும் குடைச்சலும் ஆரம்பித்துவிடும். எழுந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். "காலக் கீழ போட்டாத்தான்டா தூக்கம் வருது" என்பார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இருபது வருடச் சர்க்கரை, கூடவே பீடி. ஏதோ வாய்வுக் கோளாறு என்று நாங்களும் விட்டுவிட்டோம். தொங்கப்போட்ட பாதம் செக்கச்செவேலென்று இருக்கும். அதைப் பார்த்து, ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டோம். எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

செருப்பு வார் உரசி கட்டைவிரல் ஓரத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு வாரம் கட்டு மாற்றினார்கள். மாத்திரை மாறிக்கொண்டே இருந்தது, புண் அப்படியே இருந்தது. ஒருநாள் காலையில் விரல் நுனி கறுத்திருந்தது. "விரலை எடுத்துடலாம்" என்றார்கள். பயந்துபோய் வேறு ஊருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து அரை நிமிடம் பேசாமல் நின்றார். அப்புறம் கணுக்காலின் உள்பக்கம். அப்புறம் முழங்காலுக்குப் பின்னால். கடைசியில் தொடை இடுக்கில். "இங்க மட்டும்தான் நாடி கிடைக்குது. முதல்ல பாதத்துக்கு ரத்தம் போக வழி பண்ணுவோம். விரல அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. அந்த ஆறு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இது. சொல்ல வருவதும் அந்த டாக்டர் சொன்ன வரிசையைத்தான்: முதலில் ரத்தம், பிறகு புண்.

காவிரியை வைத்துச் சொன்னால் சுலபம்

சித்தப்பா டெல்டாக்காரர். அவருக்கு நான் புரியவைத்த விதத்திலேயே சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். ஆனால் ஆறு, கால்வாய், வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வந்து கடைமடை வயலை எட்டும்போது என்ன மிச்சமிருக்கும் என்பது வழியில் தூர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. காலும் அப்படித்தான். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் இடுப்பைத் தாண்டி, தொடை இடுக்கு வழியாகத் தொடைக்குள் இறங்கி, முழங்காலின் பின்பக்கம் போய், அதற்குக் கீழே மூன்று கிளையாகிறது. தொடையில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமாக இருந்த குழாய் கெண்டைக்காலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகிவிடும். கால்விரல்தான் உடம்பின் கடைமடை.

குழாயின் உள்சுவரில் வருடக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொண்டுவருகிற அதே வியாதிதான், இடம் மட்டும் வேறு. புகையிலை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு, வயது, இவையெல்லாம் காரணம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் இடுப்பு, தொடைப் பகுதியில் வரும். சர்க்கரைக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்களில் அதிகம் வரும். சித்தப்பா இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்.

முப்பது, நாற்பது வயதில், சர்க்கரையே இல்லாமல், பீடிப் பழக்கத்தால் மட்டும் விரல் கறுத்து வருகிறவர்களும் உண்டு. அது பர்ஜர் நோய், கொஞ்சம் வேறு வகை. 1908இல் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். அதில் புகையிலையை அடியோடு விட்டால் கால் பெரும்பாலும் தப்பிக்கும். ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்வதெல்லாம் அங்கே உதவாது.

அடைப்பு மெதுவாக வருவதால் உடம்பும் சும்மா இருப்பதில்லை. பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து, மாற்றுப் பாதையாக ரத்தத்தைக் கொண்டுபோகும். உட்கார்ந்திருக்கும்வரை அது போதும். நடந்தால் தசைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும், அப்போது பற்றாது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். சித்தப்பா இரண்டு வருடத்துக்கு முன்பே வயலுக்குப் போகும் வழியில் மதகுக்கு மதகு உட்கார ஆரம்பித்திருந்தார். யாரோடாவது பேசுவதற்காக உட்கார்கிறார் என்று நினைத்தோம்.

அந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. புகையிலையை விட்டு, மருந்து சாப்பிட்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து பழகினாலே தூரம் கூடும். நாம் பேசவேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

முற்றிய நிலை என்பது எது?

சும்மா இருக்கும்போதே பாதத்தில் வலி, அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல்; அல்லது ஆறாத புண்; அல்லது கறுத்துப்போன விரல். இதில் ஒன்று இருந்து, கூடவே ரத்த ஓட்டம் குறைவென்று பரிசோதனையில் உறுதியானால், அது காலையே பறிக்கக்கூடிய கட்டம். நடையில் வரும் வலிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்த நிலையில் வருகிறவர்களில், அடைப்பைத் திறக்காமல் விட்டால் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலை இழக்கிறார். ஏறக்குறைய அதே அளவு பேர் இறந்துவிடுகிறார்கள். இறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதயம். காலில் தெரிந்த அடைப்பு இதயத்திலும் இருக்கும்தானே.

இப்போது அந்த நாற்காலித் தூக்கத்துக்கு வருவோம். படுத்தால் பாதமும் இதயமும் ஒரே மட்டம். தொங்கப்போட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இழுத்துக் கொடுக்கும், வலி குறையும். பட்டினி கிடந்த நுண்குழாய்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள முழுக்க விரிந்து கிடப்பதால்தான் அந்தச் சிவப்பு. அதே காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்தால் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். சித்தப்பாவின் காலை டாக்டர் தூக்கிக் காட்டியபோது, மூன்று மாதமாக அந்தச் சிவப்பை நல்ல அறிகுறி என்று நம்பியிருந்த எங்களுக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சர்க்கரை நீண்டகாலம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். அப்போது இந்த எச்சரிக்கை வலிகள்கூட வராது. நேரடியாகப் புண்ணில்தான் கதை ஆரம்பிக்கும்.

இங்கே நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உணர்ச்சியைக் கடத்துவதையும் 'நரம்பு' என்கிறோம், கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயையும் 'நரம்பு' என்கிறோம். ஊசி போட 'நரம்பு கிடைக்கலை' என்பார்கள், காலில் புடைத்தால் 'நரம்பு சுருட்டல்' என்பார்கள். அதனால் "காலில் நரம்புப் பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால் மூன்று வியாதிகளில் எது என்று கேட்பவருக்கே தெரியாது. மரத்துப்போவது நரம்பு. புடைத்துச் சுருள்வது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நாம் பேசுவது தமனி, ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் குழாய். சித்தப்பா ஒரு வருடம் 'நரம்பு மாத்திரை' சாப்பிட்டார். அது வைட்டமின். தமனியில் தேங்கியதை அது ஒன்றும் செய்யாது. சிரைப் புடைப்புக்குப் போடும் இறுக்கமான காலுறையைத் தமனி அடைப்புள்ளவர் போட்டுக்கொண்டால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

அளப்பது

முதல் பரிசோதனை மிக மலிவானது. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பார்ப்பார்கள், ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் சின்ன டாப்ளர் கருவியை வைத்து. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண்தான் ஏ.பி.ஐ. சாதாரணமாக ஒன்றும் அதற்குக் கொஞ்சம் மேலும் இருக்கும். 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு. கையில் 150, கணுக்காலில் 60 என்றால் 0.4, அது மோசமான நிலை.

சர்க்கரைக்காரர்களிடம் இந்த எண் பொய் சொல்லும். குழாயின் சுவரில் சுண்ணாம்பு ஏறி இரும்புக் குழாய் மாதிரி ஆகியிருந்தால் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அழுத்தம் 220 என்று காட்டும், வகுத்தால் 1.4க்கு மேல் வரும். அட, பிரமாதமாக இருக்கிறதே என்று தோன்றும். அந்த எண்ணை நம்பாமல் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். விரலின் சின்னக் குழாய்கள் அவ்வளவாகச் சுண்ணாம்பு ஏறாதவை. அங்கே 30க்குக் கீழ் வந்தால் புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு.

அதன் பிறகு டூப்ளெக்ஸ் ஸ்கேன், அதாவது ரத்தக்குழாய்க்கான அல்ட்ராசவுண்ட். தேவைப்பட்டால் குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, அடைப்புக்குக் கீழே குழாய் திறந்திருக்கிறதா என்று வரைபடம் கிடைக்கும். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தண்ணீர் கொண்டுபோய் விடுவதற்குக் கீழே ஒரு வாய்க்காலாவது இருக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் சாயம் செலுத்தும் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சாயத்தின் அளவைக் குறைக்கவும், சில இடங்களில் அதற்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தவும் வழி உண்டு.

புண் எவ்வளவு ஆழம், ரத்தக் குறைவு எவ்வளவு, கிருமித் தொற்று எவ்வளவு என்று மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கால் போய்விடும் அபாயம் எவ்வளவு, ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் பலன் எவ்வளவு என்பதை அதை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள்.

ரத்தத்தை எப்படிக் கொண்டுபோவது?

வரிசையில் ஒரு விதிவிலக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சீழ் பிடித்து, நாற்றமடித்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே கீறிச் சீழை வெளியேற்றுவார்கள். அதைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. அதன்பின் ஒன்றிரண்டு நாளில் ரத்த ஓட்டத்துக்கு வழி பார்ப்பார்கள். காய்ந்து, கருவாடு போலச் சுருங்கிய விரல் என்றால் அவசரமில்லை. முதலில் குழாயைத் திறந்துவிட்டு, உயிருள்ள தோல் எதுவரை என்று தெளிவான பிறகு எடுப்பார்கள். ரத்தமே போகாத பாதத்தில் விரலை வெட்டினால் வெட்டிய காயமும் ஆறாது. அடுத்த விரல், பாதி பாதம், முழங்கால் என்று மேலே ஏறிக்கொண்டே போன கதைகளை அந்த வராந்தாவில் நிறையக் கேட்டேன்.

ரத்தத்தைக் கொண்டுபோக இரண்டு பெரிய வழிகள். ஒன்று, இருக்கிற வாய்க்காலையே உள்ளிருந்து திறப்பது. மற்றொன்று, பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது.

முதலாவதின் கதை 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆரம்பிக்கிறது. 82 வயதுப் பாட்டி ஒருவருக்குக் கால் விரல்கள் அழுகிவிட்டன. காலை எடுக்கச் சொன்னார்கள், பாட்டி மாட்டேன் என்றுவிட்டார். சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர் தொடைத் தமனிக்குள் ஒரு கம்பியை விட்டு, அதன்மேல் மெல்லிய குழாயையும் பிறகு சற்றுப் பருமனானதையும் செலுத்தி அடைப்பை அகட்டினார். பாதம் சூடாயிற்று, புண் ஆறிற்று. அதற்குப் பிறகு உயிரோடிருந்த இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பாட்டி தன் காலில்தான் நடந்தார். பலூன் அப்போது கிடையாது. அதை 1974இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிக்கில் கொண்டுவந்தார், அதுவும் முதலில் காலுக்குத்தான். இதயத்துக்குப் போனது 1977இல். இன்று ஆஞ்சியோ என்றாலே இதயம்தான் நினைவுக்கு வருகிறது. கால்தான் இதில் அண்ணன்.

இப்போது செய்வதும் அடிப்படையில் அதேதான். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, சின்னத் துளை, அதன் வழியாக முடி போன்ற ஒரு கம்பி. திரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் கம்பியை அடைப்புக்குள் நுழைத்து மறுபக்கம் கொண்டுவருவதுதான் பாதி வேலை. சில சமயம் மேலிருந்து முடியாமல், பாதத்தில் ஊசி குத்திக் கீழிருந்து மேலே போவார்கள். கம்பி தாண்டிவிட்டால் அதன்மேல் பலூனை அனுப்பி, தொடையில் ஐந்தாறு மில்லிமீட்டர், கெண்டைக்காலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சில நிமிடம் ஊதிப் பிடிப்பார்கள். தூர் வெளியே போவதில்லை; கரையோடு கரையாக அமுக்கப்படுகிறது. மறுபடி சுருங்காமலிருக்கத் தொடையில் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாய் வைப்பதுண்டு, மருந்து பூசிய பலூனும் உண்டு. முழங்காலுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் ஸ்டென்ட் வைப்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடங்கும் இடத்தில் உலோக வலை எத்தனை நாள் தாங்கும்? தொடை இடுக்கில் அடைப்பு என்றால் அங்கே நேரடியாகத் திறந்து, படிந்ததைச் சுரண்டி எடுத்து, ஒட்டுப் போட்டு மூடுவார்கள்.

பலூனின் குறை, கெண்டைக்கால் குழாய்கள் பல பேருக்குச் சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடும். அப்புறம் என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டேன். டாக்டர் சொன்ன பதிலில் சித்தப்பாவே சமாதானமாகிவிட்டார்: புண் ஆறுவதற்குத்தான் ரத்தம் அதிகம் வேண்டும், ஆறிய தோலைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும். "கதிர் முத்துற வரைக்கும் தண்ணி வந்தா போதும், அப்படித்தான?" என்றார் சித்தப்பா. அப்படித்தான்.

இரண்டாவது வழி பைபாஸ். 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் காலில் இருந்தே சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி மேலும் கீழும் தைத்தார். இன்றும் மிகச் சிறந்த பொருள் அந்தச் சிரைதான். கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கடியில் ஓடும் நீளமான சிரை அது. அதற்குள் ரத்தம் மேல்நோக்கி மட்டும் போவதற்கான கதவுகள் இருக்கும். அதனால் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது கதவுகளை உள்ளிருந்து வெட்டிவிட வேண்டும். மேல்முனையைத் தொடை இடுக்கிலும் கீழ்முனையைக் கெண்டைக்காலிலோ பாதத்திலோ தைப்பார்கள். பல மணி நேர வேலை, முதுகில் ஊசியோ முழு மயக்கமோ தேவை, நீளமான வெட்டுக் காயம் ஆற வேண்டும், கால் கொஞ்ச நாள் வீங்கியிருக்கும். ஆனால் நன்றாக அமைந்த சிரை பல வருடம் ஓடும். செயற்கைக் குழாயும் உண்டு. முழங்காலுக்குக் கீழே அது சிரை அளவுக்கு நிலைப்பதில்லை.

எது முதலில் என்று பெரிய டாக்டர்களுக்குள்ளேயே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவை மையமாகக் கொண்டு 1,830 பேரிடம் நடந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு 2022இல் வெளிவந்தது. நல்ல சிரை இருந்தவர்களில், காலுக்குப் பெரிய பாதிப்போ மரணமோ வந்தது பைபாஸ் பக்கம் 42.6 சதவீதம், பலூன் பக்கம் 57.4 சதவீதம். சரி, பைபாஸ்தான் என்று முடிவு கட்டுவதற்குள் 2023இல் பிரிட்டனை மையமாகக் கொண்ட பேசில்-2 ஆய்வு வந்தது. முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரில் அது தலைகீழாகச் சொன்னது: காலை இழந்தவர்களும் இறந்தவர்களுமாகப் பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53. இரண்டிலும் சேர்ந்த நோயாளிகளும் அடைப்பு இருந்த இடங்களும் வேறு வேறு. எனக்குப் புரிந்தவரை, நம்மைப் போன்றவர்களுக்கு இதில் உருப்படியான பாடம் ஒரு கேள்விதான்: "சிரை நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தீர்களா?" நல்ல சிரை, தாங்கக்கூடிய உடம்பு, நீளமான அடைப்பு என்றால் பைபாஸைத் தீவிரமாக யோசிக்கலாம். இதயம் பலவீனம், வயது அதிகம், சிரை இல்லை என்றால் பலூன். ஒன்றை மட்டுமே செய்யத் தெரிந்த இடத்துக்குப் போனால் அந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். இரண்டையும் செய்கிற வாஸ்குலர் சர்ஜனிடம் (ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்) ஒரு கருத்துக் கேட்பது காசுக்குத் தகும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

கீழே ஒரு வாய்க்காலும் மிச்சமில்லை என்றால்? அவர்களுக்காகச் சமீபத்தில் ஒரு விசித்திரமான வழி வந்திருக்கிறது. திறந்திருக்கும் தமனியைப் பக்கத்துச் சிரையோடு உள்ளிருந்தே இணைத்து, சிரை வழியாக ரத்தத்தைத் தலைகீழாகப் பாதத்துக்கு அனுப்புவது. வடிகாலையே வாய்க்காலாக்குகிற வேலை. வேறு வழியே இல்லை என்று கைவிடப்பட்ட 105 பேரிடம் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. ஆறு மாதத்தில் 66 சதவீதம் பேர் கணுக்காலுக்கு மேல் காலை இழக்காமல் உயிரோடு இருந்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மெதுவாகக் கரைந்து மறையும் ஸ்டென்ட் ஒன்றுக்கும் 2024இல் அங்கே அனுமதி கிடைத்தது, கெண்டைக்கால் குழாய்களுக்கென்றே.

காலை எடுப்பது எப்போதும் தோல்வி என்று நினைக்க வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர், மடங்கிப்போய் நீட்ட முடியாத கால், பாதத்தின் பெரும்பகுதி அழுகிய நிலை என்றால், பல அறுவைகளில் உடம்பை வதைப்பதைவிட ஒருமுறை எடுத்துவிட்டு வலியில்லாமல் இருப்பதே மேல். அப்போதும் முழங்காலை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ சுலபம்.

மருந்தும் வீடும்

குழாயைத் திறந்ததோடு வியாதி போய்விடுவதில்லை. ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்பு குறைக்கும் ஸ்டாடின், ரத்த அழுத்த மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, இவை ஆயுளுக்கும். கொழுப்பு ரிசல்ட் நார்மல் என்று ஸ்டாடினை நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். அது இதயத்தையும் சேர்த்துக் காக்கிற மருந்து. காலில் குழாய் திறக்கப்பட்ட 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது: ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் ரிவராக்ஸபான் 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை சேர்த்தால் கால், இதயம் சார்ந்த பெரிய விபரீதங்கள் கொஞ்சம் குறைகின்றன. ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாங்கள் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் காலை ஊறவைத்தோம். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, ரத்தமில்லாத தோல் சீக்கிரம் வெந்துபோகும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினோம். வீக்கம் இறங்கட்டும் என்று தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தோம், அவர் வலியில் துடித்தார். கால் ஆணியைப் பிளேடால் சீவியதும் உண்டு. இதெல்லாம் வேண்டாம். தினமும் விரலிடுக்கு வரை பார்ப்பது, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் செருப்பு, மாட்டிக்கொள்வதற்கு முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுவது, இவை போதும்.

இன்னொன்று, இது அவசரம். நன்றாக இருந்த கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்து, விரலை அசைக்க முடியாமல் போனால், அது மெதுவாக வளர்ந்த அடைப்பில்லை. ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்று இரவே வண்டி பிடியுங்கள்.

சித்தப்பாவுக்குச் சிரை நன்றாக இல்லை, இதயமும் சுமார். அதனால் பலூன், தொடையில் ஒரு ஸ்டென்ட். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று சாயங்காலம் நர்ஸ் டாப்ளர் குச்சியைப் பாதத்தின் மேல் நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். தூரத்தில் காற்றடிப்பது போல உஸ்... உஸ்... என்று சத்தம் கேட்டது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார், அடுத்த ஷிப்ட் நர்ஸ் தேடாமலிருக்க. நாலு நாள் கழித்துக் கறுத்த நுனியை மட்டும் எடுத்தார்கள். காயம் ஆற நாலு மாதம் பிடித்தது, நடுவில் ஒருமுறை மறுபடி பலூன். பீடியை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்கிறார்.

முதல் ராத்திரியே கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். அந்தப் பேனாக் குறி அழிந்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் அந்த இடத்தில் யாரையும் ஈரத்துணி வைத்துத் துடைக்க விடவில்லை.